கிரீம் இல்லாத கிரீமி சூப்: காலிஃபிளவரும் எங்க வீட்டு போர் தண்ணியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் குறைத்திருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே.)

போன வாரம் டேட்டாபேஸ் பேக்கப் பத்திப் பேசினோம். இந்த வாரம் காலிஃபிளவர் சூப். ஆமாங்க, சரியாத்தான் கேட்டீங்க. நாலு மாசமா நான் அதிக நேரம் டீபக் பண்ணது ஆபீஸ் கோடு இல்ல, இந்த சூப்தான்.

காரணம் அப்பா. ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில 23 வருஷம் வேலை பார்த்தவர். நாலு மாசம் முன்னாடி ஒரு காலையில பக்கவாதம் வந்துச்சு. கையும் காலும் ஓரளவு திரும்பிடுச்சு. விழுங்குறது மட்டும் இன்னும் முழுசா சரியாகல. நாம தண்ணி குடிக்கும்போது மூச்சுக்குழாய் ஒரு நொடி மூடிக்கும். அப்பாவுக்கு அது கொஞ்சம் தாமதமா நடக்குது. தண்ணி மாதிரி ஓடுற எதுவா இருந்தாலும் அதுக்குள்ள தப்பான பக்கம் போயிடும். போனா இருமல். சில பேருக்கு இருமலே வராம நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். கெட்டியான சாப்பாட்டை மென்னு சாப்பிடவும் அவரால இப்ப முடியாது.

விழுங்குறதுக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் மேடம் சொன்னது ரெண்டே வரி. "கட்டி, நார், தோல், பருக்கை எதுவும் இருக்கக் கூடாது தம்பி. தண்ணியாவும் இருக்கக் கூடாது. லெவல் 3."

அந்த லெவல் 3 என்னன்னு வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். ஐ.டி.டி.எஸ்.ஐ.னு ஒரு அளவுகோல். விழுங்கக் கஷ்டப்படுறவங்க உணவை 0 முதல் 7 வரை பிரிச்சு, உலகம் முழுக்க ஒரே மாதிரி புரிஞ்சுக்கறதுக்காக உருவாக்கினது. 0 என்பது வெறும் தண்ணி. 7 என்பது நாம சாப்பிடுற சாதாரண சாப்பாடு. 3, நல்ல கெட்டியான, ஆனா டம்ளர்ல குடிக்க முடியற பதம். இதுல எனக்குப் பிடிச்சது, இதை அளக்க லேப் எதுவும் தேவையில்ல. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

கஞ்சி, கேழ்வரகுக் கூழ், திரும்பக் கஞ்சி. மூணாவது வாரம் அப்பா வாயைத் திறக்க மாட்டேன்னுட்டார். "என்ன வேணும்?"னு கேட்டா, குழறலா ஒரே வார்த்தை: "கோபி." சம்பள நாள் அன்னைக்கு ஆற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில கோபி 65 ஒரு பொட்டலம் வாங்கிட்டுத்தான் கலவை பஸ் ஏறுவார். அந்த வாசனைதான் அவருக்கு வேணும். பொரிச்சதைக் கொடுக்க முடியாது. அதனால சூப்.

முதல் தடவை ஹோட்டல் வழியில போனேன். காலிஃபிளவரை வேகவெச்சு, சோளமாவு கரைச்சு ஊத்தி, கொதிக்கவெச்சு இறக்கறது. பார்க்க அருமையா கெட்டியா இருந்துச்சு. அப்பா நாலு ஸ்பூன் குடிச்சார். அஞ்சாவது ஸ்பூனுக்குள்ள கிண்ணத்துல இருந்த சூப் நீர்த்துப் போச்சு. இருமல் ஆரம்பிச்சது. அன்னைக்கு நாங்க பயந்த பயம் சொல்லி மாளாது.

என்ன நடந்துச்சுன்னா, நம்ம எச்சில்ல அமைலேஸ்னு ஒரு நொதி இருக்கு. ஸ்டார்ச்சை உடைக்கிறதுதான் அதோட வேலை. சோளமாவு வெறும் ஸ்டார்ச். வாயில வெச்ச ஸ்பூனை திரும்பக் கிண்ணத்துல விட்டா, ஸ்பூனோட எச்சிலும் போகும், கிண்ணத்துக்குள்ளயே கெட்டித்தன்மை உடைய ஆரம்பிச்சுடும். உங்களுக்கும் எனக்கும் இதனால ஒண்ணும் ஆகாது. அப்பா மாதிரி ஆளுக்கு, லெவல் 3ன்னு கொடுத்தது பாதியிலேயே லெவல் 1 ஆகிடுது. அன்னையோட எங்க வீட்டு சூப்புல சோளமாவு கிடையாது.

அப்போ கெட்டித்தன்மை எங்கிருந்து வரணும்? காய்லேர்ந்தே வரணும்.

இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா எபிசோடோட மையமே இதுதான். 'கிரீமி'னு நாம சொல்றது ஒரு சுவை இல்ல, நாக்கு தொட்டு உணர்ற விஷயம். திரவத்துல மிதக்கிற துகள்கள் போதுமான அளவு பொடியாவும் மெத்துனும் இருந்தா, நாக்கால அதைத் தனித்தனியா பிரிச்சு உணர முடியாது. சாக்லேட் செய்யறவங்க துகளை சுமார் 20 முதல் 30 மைக்ரான் வரைக்கும் அரைக்கிறது இதுக்காகத்தான். அதுக்கு மேல போனா நறநறன்னு இருக்கும். கிரீம்ல இருக்கிற கொழுப்புத் துளிகள் அதைவிட ரொம்பச் சின்னது, அதனால வழவழப்பு. காய்கறியோட செல்கள் பெருசுதான். ஆனா நல்லா வெந்து, செல்களை ஒட்டிவெச்சிருக்கிற பெக்டின் கரைஞ்சு, மிக்சி பிளேடு அதைக் கிழிச்சுட்டா, கிட்டத்தட்ட கிரீம் மாதிரியே நாக்குல உட்காரும்.

காலிஃபிளவர் இதுக்குன்னே செஞ்ச காய். அதுல ஸ்டார்ச் ரொம்பக் குறைவு. உருளைக்கிழங்கை மிக்சியில ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாருங்க, பசை மாதிரி இழுக்கும். காலிஃபிளவரை எவ்வளவு அரைச்சாலும் பசை ஆகாது, வழவழப்புதான் கூடும். பால் பெர்டோலின்னு ஒரு அமெரிக்க சமையல்காரர் 2003ல வந்த தன் புத்தகத்துல காலிஃபிளவர், வெங்காயம், ஆலிவ் எண்ணெய், உப்பு, தண்ணி இவ்வளவை மட்டும் வெச்சு ஒரு சூப் கொடுத்திருக்கார். கிரீமும் இல்ல, மாவும் இல்ல. பிரெஞ்சுக்காரங்க இதே சூப்பை கிரீம் ஊத்திச் செஞ்சு, பதினஞ்சாம் லூயியோட காதலி மதாம் டு பாரி பேரை வெச்சிருக்காங்க. அந்தம்மா 1793ல கில்லட்டின்ல போனாங்க, சூப் மட்டும் இன்னும் இருக்கு. நம்ம நாட்டுக்கு காலிஃபிளவர் வந்ததே 1822ல, சகாரன்பூர் கம்பெனி தோட்டத்துக்கு. பாட்டி காலத்துல எங்க ஊர்ல இது இருந்ததே இல்லைங்கறதும் அதனால ஆச்சரியம் இல்ல.

சரி, பெர்டோலி வழியில செஞ்சேன். வெங்காயம் வதக்கி, பூவைப் போட்டு, தண்ணி ஊத்தி, 20 நிமிஷம் வேகவெச்சு, அரைச்சேன். நறநறன்னு வந்துச்சு. ஈரமான ரவை மாதிரி. வடிகட்டினா பாதி வடிகட்டியிலேயே தங்குது. மறுநாள் 35 நிமிஷம் வேகவெச்சேன். அதே கதை, கூடவே அழுகின முட்டை வாசனை. கோஸ் குடும்பத்துக் காய்கள்ல கந்தகச் சேர்மங்கள் இருக்கு. வேகவேக அந்த வாசனை ஏறிக்கிட்டே போகும். மிக்சியைக் குறை சொன்னேன். எங்க வீட்டுல இருக்கிறது 2011ல அரசு ஆரம்பிச்ச விலையில்லா மிக்சி திட்டத்துல வந்தது. புது மிக்சி வாங்கலாம்னு ஆன்லைன்ல பார்த்துக்கிட்டிருந்தேன்.

அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே சொன்னாங்க: "துவரம்பருப்பே வேகாத தண்ணிடா இது. பூவு மட்டும் எப்படி வேகும்? நான் பருப்புக்குக் கேன் தண்ணிதானே ஊத்துறேன், பார்த்ததில்ல?"

இன்ஜினியரிங் முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல தண்ணியோட கடினத்தன்மையை டைட்ரேஷன் பண்ணி கண்டுபிடிச்சு மார்க் வாங்கினவன் நான். நீல நிறம் வர்ற வரைக்கும் சொட்டு சொட்டா விட்டது ஞாபகம் இருக்கு. அது என் வீட்டு அடுப்புக்குச் சம்பந்தப்பட்டதுன்னு அம்மா சொல்லித்தான் தெரியணும்.

பெக்டினைக் கல்லு கட்டுமானத்துல இருக்கிற சாந்து மாதிரி நினைச்சுக்கோங்க. வேகும்போது அது கரையும், காய் குழையும். ஆனா தண்ணியில கால்சியம் இருந்தா, ஒரு பெக்டின் இழைக்கும் இன்னொரு இழைக்கும் நடுவுல அது கொக்கி போட்டு இழுத்துப் பிடிச்சுக்கும். சாந்து இறுகிடும். பூசணிக்காய்ல பேடா செய்யறவங்க காயை முதல்ல சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போடுவாங்க இல்லையா? பாகுல கொதிச்சாலும் துண்டு கரையாம நிக்கணும்னுதான். அவங்க வேணும்னே செய்யறதை எங்க போர் தண்ணி எனக்கு இலவசமா செஞ்சு கொடுத்திருக்கு.

அப்பாகிட்ட இதை விளக்கினேன். அவர் வேலை பார்த்ததே சுண்ணாம்பு செக்‌ஷன்ல. மயிரை இளக்கறதுக்காகத் தோலைச் சுண்ணாம்புல போட்டு எடுத்ததும், அந்தச் சுண்ணாம்பைக் கழுவி நீக்கினாத்தான் அடுத்த வேலையே நடக்கும். மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னார்: "முதல்ல… சுண்ணாம்ப… எடுடா." பக்கவாதத்துக்கு அப்புறம் அவர் பேசின நீளமான வாக்கியம் அன்னைக்கு வரைக்கும் அதுதான்.

ஒரு விஷயம். எங்க மாவட்டத்துல தண்ணி கெட்டுப்போச்சுன்னா உடனே எல்லாரும் டேனரியைத்தான் சொல்வாங்க. பாலாற்றங்கரையில அது பொய்யும் இல்ல. 1996ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்குல கொடுத்த தீர்ப்புலயே, டேனரிகள் இருக்கிற பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ பயிருக்கு லாயக்கில்லாம போச்சுங்கற ஆய்வைக் குறிப்பிட்டிருக்காங்க. ஆனா தோலைப் பதப்படுத்தறதுல வெளியே வர்ற உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. காயை இறுக வைக்கிறது சோடியம் இல்ல, கால்சியமும் மெக்னீசியமும். அது பாறையிலேர்ந்து இயற்கையாவே தண்ணியில கரைஞ்சு வரும். கலவை பாலாற்றங்கரையிலயும் இல்ல. அதனால என் சூப் கெட்டதுக்கு நான் டேனரியைக் குறை சொல்லப் போறதில்ல.

இதனாலதான் டிடிஎஸ் மீட்டரை நம்பி இந்த முடிவுக்கு வரக் கூடாது. அந்த மீட்டர் கரைஞ்சிருக்கிற எல்லா உப்பையும் மொத்தமாத்தான் காட்டும், எது கால்சியம்னு சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரத்துல கடினத்தன்மைக்குத் தனி வரம்பே இருக்கு: லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற தண்ணி கிடைக்காத இடத்துல 600 வரைக்கும். வீட்டுல தெரிஞ்சுக்க எளிய வழி: ஒரு பாட்டில்ல பாதி தண்ணி, நாலு சீவல் சாதா சோப்பு, குலுக்குங்க. நுரை நின்னா மெல்லின நீர். நுரைக்காம தயிர் திரிஞ்ச மாதிரி மிதந்தா கடின நீர். டிடர்ஜென்ட்ல இந்தச் சோதனை சரியா வராது.

அப்புறம் முறையா ஒரு டெஸ்ட் வெச்சேன். ஒரே பூ, ஒரே அளவு துண்டு, ஒரே மாதிரி ரெண்டு பாத்திரம். ஒண்ணுல போர் தண்ணி, ஒண்ணுல கேன் தண்ணி. 18 நிமிஷம். கேன் தண்ணிக் காய் கரண்டியால அழுத்தினதும் மாவா போச்சு. போர் தண்ணிக் காய் கரண்டியிலேர்ந்து வழுக்கி ஓடுச்சு. வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். அம்மா அதைப் பார்த்துட்டு, "இதுக்கு இவ்வளவா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

கேன் தண்ணி இல்லாதவங்க, தண்ணியை நல்லா கொதிக்கவெச்சு ஆறவிட்டு, அடியில வெள்ளையா படிஞ்சதை விட்டுட்டு மேலாக இறுத்துக்கோங்க. கடினத்தன்மையில ஒரு பகுதி அப்படியே போயிடும். முழுசா போகாது.

இன்னொரு குற்றவாளியும் இருக்கு, இதை நான் எதிர்பார்க்கல. புழு இருக்கும்னு காலிஃபிளவரை மஞ்சள், உப்பு போட்ட சுடுதண்ணியில ஊறவைக்கிறோம் இல்லையா? அந்தத் தண்ணி வெதுவெதுப்பா, கை பொறுக்காத சூட்டுக்குக் கொஞ்சம் மேல, 55 லேர்ந்து 60 டிகிரியில, அரை மணி நேரம் இருந்துச்சுன்னா காய்க்குள்ள இருக்கிற ஒரு நொதி விழிச்சுக்கும். அது பெக்டினை கால்சியத்தோட இன்னும் உறுதியா ஒட்டற மாதிரி மாத்திடும். அப்புறம் எவ்வளவு கொதிச்சாலும் காய் முழுசா குழையாது. பொரியலுக்கு அது நல்லதுதான், துண்டு உடையாது. சூப்புக்கு எமன். அதனால நல்லா கொதிக்கிற தண்ணியில 2 நிமிஷம் போட்டு எடுத்துடுங்க. இல்லைன்னா பச்சைத் தண்ணியில உப்புப் போட்டு ஊறவைங்க. ரெண்டுக்கும் நடுவுல வேண்டாம்.

இப்ப செய்முறை. நாலு பெரிய டம்ளருக்கு.

பூ மட்டும் அரை கிலோ. தண்டோட தடிச்ச பகுதியைத் தோல் சீவிட்டு மெல்லிசா நறுக்கினா அதையும் சேர்க்கலாம், நார் இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. பூவை விரல் பருமனுக்கு மேல இல்லாம சின்னதா நறுக்கணும். துண்டு சின்னதா இருந்தா சீக்கிரம் வேகும், சீக்கிரம் வெந்தா கந்தக வாசனை ஏறாது. முந்திரி 30 கிராமை 20 நிமிஷம் சுடுதண்ணியில, கேன் தண்ணிதான், ஊறப்போடுங்க. 20 கிராம் வெண்ணெயில பெரிய வெங்காயம் ஒண்ணு, பூண்டு நாலு பல். சிவக்கக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆகணும். பூவைப் போட்டு 5 நிமிஷம் மூடி வதக்கி, அரை லிட்டர் தண்ணி. கொதி வந்ததும் தீயைக் குறைச்சு 15 லேர்ந்து 18 நிமிஷம். அழுத்தினா மாவா ஆகணும், அதுதான் கணக்கு, நிமிஷம் ரெண்டாம்பட்சம். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டா சீக்கிரம் குழையும், உண்மை. ஆனா கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாசனை, நிறமும் மஞ்சளாகும். நான் ஒரே தடவை போட்டேன், அதோட சரி. எலுமிச்சை, தக்காளி எதுவும் இந்தக் கட்டத்துல வேண்டாம். புளிப்பும் காயை வேகவிடாது.

கோபி 65 வாசனைக்கு என்ன பண்றதுன்னு கேட்பீங்க. பூவுல ஒரு கைப்பிடியை எடுத்து, மெல்லிசா சீவி, தோசைக்கல்லுல நெய்யோட ஓரம் பொன்னிறமா வர்ற வரைக்கும் வாட்டி, அதையும் தண்ணி ஊத்தும்போதே சேர்த்து வேகவிடுங்க. கொஞ்சம் சோம்பு, ஒரு காய்ஞ்ச மிளகாயை துணியில கட்டிப் போட்டு, அரைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. முதல் தடவை இதைச் செஞ்ச அன்னைக்கு அப்பா கிண்ணத்தை மோந்து பார்த்துட்டு என்னைப் பார்த்தார். மிளகுத்தூள் மட்டும் மேல தூவவே கூடாது. ஒரே ஒரு பொடி தொண்டையில ஒட்டினா போதும், பத்து நிமிஷம் இருமல்.

மிக்சி. ப்ளீஸ், இதை மட்டும் கவனமா கேளுங்க. கொதிக்கக் கொதிக்க ஜார்ல ஊத்தி ஓட்டாதீங்க. உள்ள சட்டுனு நீராவி பெருகி மூடியைத் தள்ளும், முகத்துல தெறிக்கும். கை பொறுக்கற சூடு வர்ற வரைக்கும் ஆறவிட்டு, பாதி ஜார் மட்டும், மூடியைத் துணியோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுங்க. முதல்ல முந்திரியைக் கொஞ்சம் காயோட விழுதா அரைச்சுட்டு மீதியைச் சேருங்க. 30 விநாடி ஓட்டி, கொஞ்சம் நிறுத்தி, மொத்தம் 3 நிமிஷமாவது ஓடணும். எங்க பழைய மிக்சிக்கே இது போதுமா இருக்கு. புதுசு வாங்கல. கடைசியா மெல்லிசான வடிகட்டியில கரண்டியால தேய்ச்சு இறக்குங்க. பாத்திரத்துக்குத் திரும்பினதும் கால் லிட்டர் பால், ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதுல 6% கொழுப்பு இருக்கு. ஒரு கொதி வரப்போகும்போது இறக்கிடலாம். அப்பாவுக்கு பிபி இருக்கிறதால உப்பு அரைவாசிதான்.

முந்திரி, பால், வெண்ணெய் எல்லாம் ருசிக்குன்னு நினைக்காதீங்க. காலிஃபிளவர்ல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி, 100 கிராம்ல 25 கலோரிதான். காயும் வெங்காயமும் மட்டும்னா ஒரு டம்ளர்ல சுமார் 40 கலோரி. வயிறு ரொம்பிடும், உடம்புக்கு ஒண்ணும் போகாது. முதல் மாசம் அப்பா எடை குறைஞ்சதுக்கு இப்படிப்பட்ட வெறும் தண்ணிக் கஞ்சியும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். மேல சொன்ன அளவுல செஞ்சா டம்ளருக்கு 175 கலோரி கிட்ட வருது. பாசிப்பருப்பு ரெண்டு ஸ்பூன் கூடவே வேகவெச்சா புரதமும் கொஞ்சம் ஏறும்.

இப்ப சிரிஞ்ச். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், பிஸ்டனைக் கழட்டிடுங்க. முனையை விரலால மூடி, 10 மில்லி கோடு வரைக்கும் சூப் ஊத்துங்க. விரலை எடுத்து சரியா 10 விநாடி, திரும்ப மூடுங்க. உள்ள 8 மில்லிக்குக் குறையாம மிஞ்சி, ஆனா கொஞ்சமாவது ஒழுகியிருந்தா லெவல் 3. 4 லேர்ந்து 8 மில்லி மிஞ்சினா லெவல் 2, அப்பாவுக்கு நீர்ப்பு. துளிகூட இறங்கலைன்னா லெவல் 4. சிரிஞ்ச்லயும் ஒரு கணக்கு இருக்கு: 0 லேர்ந்து 10 வரைக்கும் கோடுகளோட நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கணும். மருந்துக்கடைக்கு ஸ்கேல் எடுத்துட்டுப் போன முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்.

சூப்பை அரைச்ச உடனே அளக்காதீங்க. இந்த சூப் இறக்கி வெச்ச 20 நிமிஷத்துல தானாவே கெட்டியாகும். சூட்டுல லெவல் 2 காட்டினது, குடிக்கிற பதத்துக்கு ஆறினதும் லெவல் 3 ஆகும். கொடுக்கப்போற சூட்டுல, கொடுக்கறதுக்கு முன்னாடி அளக்கணும். ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா இன்னும் இறுகும், அப்போ கொஞ்சம் பால் விட்டு அடிச்சு, திரும்ப அளங்க. ஒரு நாளைக்கு மேல வைக்காதீங்க, எங்க ஊர் கரண்ட்டை நம்பி அதுகூட வேண்டாம்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, எந்த லெவல்னு அவரைப் பார்க்கிற தெரபிஸ்ட்தான் சொல்லணும். எங்க அப்பாவோட 3 உங்க அப்பாவுக்குப் பொருந்தணும்னு இல்ல. நல்லா விழுங்கறவங்க யாரா இருந்தாலும் சிரிஞ்சை மறந்துட்டு, மேல மிளகு தூவி, வறுத்த பூவை மிதக்கவிட்டுக் குடிங்க.

அடுத்த வியாழக்கிழமை அப்பாவுக்கு திரும்ப செக்கப். லெவல் மாத்துவாங்களான்னு தெரியல. நேத்து அவர் ஒரு டம்ளர் முழுசா குடிச்சுட்டு, டம்ளரைக் கீழ வைக்காம என் பக்கம் நீட்டினார். அம்மா ரெண்டாவது டம்ளர் ஊத்தினாங்க. நான் அதையும் அளந்தேன்.

(திருத்தம்: ஒலிப்பதிவில் முந்திரியின் அளவை 300 கிராம் என்று சொல்லிவிட்டேன். 30 கிராம்தான்.)